வெயில் ஏறினால் கால் மரத்துப்போகிறது: என்எம்ஓ திரும்ப வருகிறதா, பழைய காயம்தானா?

ஏப்ரல் 28, 2024 – இரவு 9.40 – கேள்வி

அக்காவுக்கு 36 வயசு. ரெண்டு வருஷம் முன்னாடி தண்டுவடத்துல அழற்சி வந்து இடுப்புக்குக் கீழ உணர்வே இல்லாம போச்சு. ரத்தத்துல ஆக்வாபோரின்-4 ஆன்டிபாடி பாசிட்டிவ், எதிர்ப்புச் சக்தியே கண் நரம்பையும் தண்டுவடத்தையும் அடிக்கற என்எம்ஓன்னு (நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா) சொன்னாங்க. இப்ப வாக்கர் பிடிச்சு நடக்கறாங்க. 50 கிலோ எடை. எதிர்ப்புச் சக்தியை அடக்கற அசாதயோபிரின் 100 மி.கி., ஸ்டீராய்டு மாத்திரை பிரெட்னிசோலோன் 10 மி.கி. ஓடுது. ஒரு வாரமா மத்தியானம் ஆனா வலது கால் மரத்துப் போய் பின்னிக்குது, சாயங்காலம் சரியாயிடுது. சொந்தக்காரர் ஒருத்தர், "போன தடவை போட்ட அதே 5 நாள் ஸ்டீராய்டு ஊசியைப் போட்டுடுங்க, லேட் பண்ணாதீங்க"ன்னு சொல்றார். போட்டுடலாமா அண்ணா?

ஏப்ரல் 28 – இரவு 10.55

இப்போதைக்கு வேண்டாம். மத்தியானம் வந்து சாயங்காலம் போகிறது என்று நீங்கள் எழுதிய ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது, தம்பி.

போன அட்டாக்கில் தண்டுவட நரம்புகளின் மேலுறை உரிந்துபோயிருக்கும். உறை போன இடத்தில் மின்சாரம் தட்டுத்தடுமாறித்தான் போகும். உடம்புச் சூடு அரை டிகிரி செல்சியஸ் கூடினாலே போதும், அந்த இடத்தில் ஓட்டம் நின்றுவிடும். சூடு இறங்கினால் மறுபடி ஓடும். 1890-இல் வில்ஹெல்ம் ஊத்தோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர், உடற்பயிற்சி செய்தால் சிலருக்குப் பார்வை மங்கி, ஓய்வெடுத்தால் திரும்புவதை எழுதிவைத்தார். அந்தப் பெயரிலேயே ஊத்தோஃப் என்கிறோம். கண்ணுக்குச் சொன்னது தண்டுவடத்துக்கும் பொருந்தும். இதைப் பொய் ரிலாப்ஸ் (நோய் திரும்பியதுபோல் தோன்றுவது) என்பார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. கால் நிஜமாகவே வரவில்லை, அதில் பொய் எங்கே? புதிதாக அழற்சி இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இன்றைக்கே பார்க்க வேண்டியவை: மத்தியானம் மரத்துப்போகும் நேரத்தில் தெர்மாமீட்டர் வைத்த அளவு. யூரின் கலங்கலா, நாற்றம் மாறியிருக்கிறதா, நடுநடுவே ஒழுகுகிறதா. மோஷன் போய் எத்தனை நாள். பிட்டம், குதிகால், வால் எலும்பு மேல் தோல் சிவந்திருக்கிறதா. வளர்ந்து உள்ளே குத்தும் கால் நகம் உட்பட பார்த்துவிடுங்கள். வலி மேலே தெரியாத உடம்பில் கீழே இருக்கும் ஒரு சின்ன உபத்திரவம், பழைய அறிகுறியைத் தூண்டித்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

உணர்வு மாறியிருப்பது போன தடவை பாதித்த அதே இடத்திலா, அதற்கு மேலேயா? இதை எழுதுங்கள். பல் குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் பாதத்திலிருந்து மேலே தொட்டுக்கொண்டே வந்து, எந்த இடத்தில் சரியாகத் தெரிய ஆரம்பிக்கிறது என்று பேனாவால் கோடு போடுங்கள். நாளைக்கும் அதே நேரம் பாருங்கள். கோடு மேலே ஏறினால் பேச்சே வேறு.

ஏப்ரல் 28 – இரவு 11.20

மேலே தெர்மாமீட்டர் என்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. பிரெட்னிசோலோன் சாப்பிடுகிறவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் காட்டாமல் இருக்கும். 98.6 இருக்கிறது, அதனால் தொற்று இல்லை என்று முடிவுகட்ட முடியாது. அக்குளில் வைத்தால் வாயில் வைப்பதைவிடக் குறைவாகக் காட்டும், அதனால் தினமும் ஒரே இடத்தில் வையுங்கள்.

ஏப்ரல் 29 – காலை 6.10

யூரின் கொடுக்கப் போவதாக இருந்தால் ஆன்டிபயாடிக் முதல் மாத்திரைக்கு முன்னால் கொடுங்கள். ரொட்டீனோடு கல்ச்சரும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கேளுங்கள். யூரின் தானாகப் போகாமல் டியூப் போட்டு எடுக்கிறவர் என்றால் புது டியூப் போட்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். டியூபில் மாட்டிய பிளாஸ்டிக் பையிலிருந்து பிடித்துக் கொடுத்தால் அதில் ஏற்கெனவே வளர்ந்த கிருமிதான் ரிப்போர்ட்டில் வரும். 2 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போகாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

ஸ்டீராய்டை ஏன் அவசரப்பட்டுப் போடக்கூடாது என்பதும் இதற்குள்தான் இருக்கிறது. மீதைல்பிரெட்னிசோலோன் தினம் 1 கிராம், 3 முதல் 5 நாள். அட்டாக்குக்கு அது உயிர்நாடி. யூரின் தொற்று ஓடும் உடம்பில் அதையே ஏற்றினால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. சர்க்கரை ஏறும், தூக்கம் போகும். இன்னொரு கெடுதலும் உண்டு. போட்டதும் 2 நாளில் தெம்பு வந்த மாதிரி இருக்கும். "பார்த்தீர்களா, ரிலாப்ஸ்தான்" என்று ஃபைலில் ஒரு அட்டாக் கூடிவிடும். பிறகு, ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும் தடுப்பு மருந்தைத் தோற்றுவிட்டது என்று மாற்றுவார்கள்.

மே 1 – காலை 8.15 – கேட்டவர்

நடுநடுவே ஒழுகுறது நிஜம் அண்ணா, அக்கா கூச்சப்பட்டு சொல்லாம இருந்திருக்காங்க. கல்ச்சர்ல ஈ.கோலை கிருமி ஒரு மில்லிக்கு 1 லட்சத்துக்கு மேல. கோடு ஏறல, அதே தொப்புள் மட்டம்தான். டாக்டர் 7 நாள் மாத்திரை குடுத்திருக்கார். ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான் டியூப் போடறாங்க.

மே 1 – காலை 9.30

ரெண்டு தடவை போதாது. தொற்றுக்குக் காரணமே அதுவாகத்தான் இருக்கும். சிறுநீர்ப்பைக்குள் யூரின் தேங்கினால் கிருமி பெருகும். முட்டிப் பிதுங்கினால் பையின் சுவருக்கு ரத்த ஓட்டம் குறையும், அழுத்தம் சிறுநீரகத்துக்கும் ஏறும். ஒரு தடவைக்கு 400 மி.லி. தாண்டாதபடி, 4 முதல் 6 தடவை. அளவு மக்கு வாங்கி 3 நாள் எழுதுங்கள். 600, 700 என்று வந்தால் நேர இடைவெளியைக் குறைக்க வேண்டும். டியூப் போடுவதைக் குறைக்கத் தண்ணீரைக் குறைப்பது வேண்டவே வேண்டாம். காலையிலிருந்து மாலை வரை பிரித்துக் குடித்து, ராத்திரி 7-க்கு மேல் குறைத்துக்கொண்டால் தூக்கம் கெடாது. அவராகவும் கொஞ்சம் போகிறார் என்றால், போன உடனே ஸ்கேனில் மீதி எவ்வளவு நிற்கிறது என்று கேளுங்கள்.

12 அல்லது 14 நம்பர் நெலட்டான் டியூப். கையைச் சோப்பில் கழுவி, கீழே முன்னிருந்து பின்னாகத் துடைத்து, டியூபின் முன்பகுதியில் ஜெல்லி தடவி, யூரின் வரும்வரை செலுத்தி, வந்ததும் இன்னும் ஒரு அங்குலம். நின்றதும் உருவாதீர்கள். மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தால் அடியில் நின்றது மறுபடி வரும், அங்கே நிறுத்துங்கள். அந்தக் கடைசி 50 மி.லி.யை விட்டுவிடுவதால்தான் பல பேருக்குத் தொற்று மாறி மாறி வருகிறது. ஒரு டியூபை ஒரு தடவையோடு எறிவதுதான் உத்தமம். கட்டுப்படியாகாத வீட்டில் கழுவி, உதறி, நிழலில் நன்றாகக் காயவைத்துச் சுத்தமான உலர்ந்த கவரில் போடுங்கள். ஈரத்தோடு டப்பாவில் மூடுவதுதான் ஆபத்து.

7 நாள் முடிந்து அக்கா சௌகரியமாக இருந்தால் மறுபடி கல்ச்சர் கொடுத்துத் துரத்த வேண்டாம். டியூப் போடுகிறவர்கள் யூரினில் கிருமி இருக்கத்தான் செய்யும். காய்ச்சல், புது ஒழுகல், தசை இழுப்பு கூடுவது என்று தொந்தரவு இருந்தால்தான் மருந்து. ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே போனால், நிஜமாகத் தேவைப்படும்போது எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காது.

மே 3 – இரவு 10.05

24 மணி நேரக் கணக்கைப் பற்றி மூன்று பேர் தனியாகக் கேட்டுவிட்டார்கள். காய்ச்சல், தொற்று இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் ரிலாப்ஸ் என்பது மருத்துவர்கள் வைத்துக்கொண்ட வரையறை. வீட்டில் உட்கார்ந்து கடிகாரம் பார்ப்பதற்காகச் சொன்னதல்ல. காலையில் நடந்தவருக்கு மாலைக்குள் இரண்டு காலும் விழுந்தால் 24 மணி நேரம் ஏன் காத்திருக்க வேண்டும்?

நரம்பு உறையைத் தாக்கும் இன்னொரு நோயான எம்எஸ்ஸில் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) அட்டாக் இல்லாமலே உள்ளுக்குள் மெல்லத் தேய்மானம் நடக்கும். என்எம்ஓவில் பெரும்பாலும் அப்படியில்லை, வரும் சேதம் எல்லாம் அட்டாக்கில்தான் வரும். ஒவ்வொரு அட்டாக்கும் கனமானது, பின்னால் முழுசாகத் திரும்பித் தருவதில்லை. அதனால்தான் வெயில் மரப்புக்குப் பதற வேண்டாம் என்று சொல்லும் அதே வாயால், நிஜ அட்டாக்குக்கு ஒரு ராத்திரியைக்கூட வீணாக்காதீர்கள் என்றும் சொல்கிறேன்.

உடனே கிளம்ப வேண்டியவை: உணர்வுக் கோடு மேலே ஏறுவது. இதுவரை நன்றாயிருந்த காலோ கையோ தளர்வது. தானாகப் போய்க்கொண்டிருந்த யூரின் அடைத்துக்கொள்வது. ஒரு கண்ணில் மங்கல், அதோடு கண்ணை உருட்டினால் வலி. முதுகிலோ கழுத்திலோ புதிதாகப் பட்டை கட்டி இறுக்குவதுபோல் வலி, அதன் பின்னாலேயே பலவீனம். மூச்சு வாங்கினால் ஆம்புலன்ஸ்தான், கழுத்துத் தண்டுவடம் பாதித்தால் மூச்சுத் தசைக்கும் ஆபத்து.

விக்கல். இதைத் தனி வரியாக எழுதுகிறேன். 2 நாளுக்கு மேல் நிற்காத விக்கல், நிற்காத வாந்தி. வயிற்று டாக்டரிடம் போய், எண்டோஸ்கோபி பார்த்து, கேஸ் மாத்திரையோடு திரும்பிவருகிறார்கள். மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் வாந்தியைத் தூண்டும் இடத்தில் இந்த நோய் குறிவைக்கும் ஆக்வாபோரின்-4 புரதம் அதிகம், என்எம்ஓ அங்கேயும் தாக்கும். என்எம்ஓ என்று தெரிந்த ஆளுக்கு விடாத விக்கல் வந்தால் நரம்பு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

மே 4 – மதியம் 1.40

இன்றைக்குக் கத்திரி ஆரம்பம். மே 28 வரை இந்த இழையில் மரப்புக் கேள்விதான் வரப்போகிறது, அதனால் குளிர்விப்பதை எழுதிவிடுகிறேன்.

ஃபேன் காற்றில் ஈரத்துண்டு. கழுத்து, அக்குள், முன்கை. 15-20 நிமிடம். தண்ணீர் குழாய்த் தண்ணீராக இருந்தால் போதும். வெளியே கிளம்புவதற்கு முன்பே உடம்பைக் குளிரவைத்துக்கொள்வது, மரத்துப்போன பிறகு குளிர்விப்பதைவிட நன்றாக வேலை செய்யும். பிசியோ பயிற்சி காலை 7-க்குள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை ராத்திரி வரை அனலை விட்டுக்கொண்டே இருக்கும், கட்டிலைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். தண்டுவடத்தில் மேலே அடிபட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது, தண்ணீர் குடித்தால் மட்டும் சூடு இறங்காது, தோலை நனைத்தே ஆக வேண்டும்.

ஐஸ் கட்டியை நேரே மரத்த காலில் வைக்காதீர்கள், தோல் வெந்துபோகும், தெரியாது. அதிகக் குளிர்ச்சி இழுப்பையும் கூட்டும்.

அதைவிட முக்கியம் வெந்நீர் ஒத்தடம். கால் மரத்திருக்கிறது என்று பாட்டிமார் அன்போடு வெந்நீர்ப் பை வைக்கிறார்கள். கையால் தொட்டால் இதமான சூடுதான். உணர்வில்லாத காலில் அதே சூடு 20 நிமிடம் ஒரே இடத்தில் இருந்தால் கொப்புளம். ஸ்டீராய்டு சாப்பிடும் உடம்பில் அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் ஆகும். உணர்வில்லாத இடத்துக்கு ஒத்தடமே கிடையாது. எண்ணெய்க் குளியலும் அப்படித்தான். எண்ணெய் தேய்ப்பதில் தப்பில்லை, கொதிக்கக் கொதிக்க ஊற்றும் வெந்நீரில்தான் கால் விழுந்து, வழுக்கும் தரையில் ஆளும் விழுகிறார். குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் குளிக்கவையுங்கள்.

மே 9 – இரவு 8.30 – கேட்டவர்

மாத்திரை முடிஞ்சுது, ஒழுகல் நின்னுடுச்சு, மரப்பும் பாதி குறைஞ்சிருக்கு. ஆனா இடது கை விரல் திடீர்னு கோணிக்குது. ஃபிட்ஸா?

மே 9 – இரவு 9.10

ஃபிட்ஸா இல்லையா என்று எழுத்தில் வைத்துச் சொல்ல முடியாது. வீடியோ எடுங்கள். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்குகிறதா, மற்ற விரல்கள் விறைத்து நீள்கின்றனவா, மணிக்கட்டு உள்ளே வளைகிறதா என்று கை முழுக்கத் தெரியும்படி. முகமும் படத்தில் இருக்கட்டும். நினைவோடு பேசுகிறாரா என்பது அதில்தான் தெரியும். எத்தனை விநாடி, ஒரு நாளில் எத்தனை தடவை.

தண்டுவட இழுப்பு என்றால் பெரும்பாலும் இப்படி இருக்கும்: சுரீர் என்று ஒரு கூச்சம் ஓடி, உடனே கையோ காலோ கட்டை மாதிரி விறைக்கும். 20, 30 விநாடி. கடும் வலி, அழுதுவிடுவார்கள். நினைவு தப்பாது. விட்டுப்போனால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பத்து நிமிடத்தில் மறுபடி. படுக்கையில் புரண்டாலோ, கையை நீட்டினாலோ, செருப்பு மாட்டினாலோ கிளம்பும். கழுத்தைக் குனிந்தால் முதுகில் ஷாக் அடிப்பது வேறு, அது லெர்மிட். இரண்டும் சேர்ந்தும் வரும்.

ஆனால் தம்பி, அக்காவுக்குப் போன தடவை தொப்புளுக்குக் கீழேதான். கைக்கு இதுவரை ஒன்றுமில்லை. கையில் புதிதாக வந்தால் கழுத்துத் தண்டுவடத்தைப் பார்க்காமல் பழையது என்று ஒதுக்க முடியாது. நாளைக் காலையே போங்கள். எம்ஆர்ஐ கழுத்தும் முதுகும், கான்ட்ராஸ்டோடு. பழைய படத்தின் சிடியைக் கையில் எடுத்துப் போங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. பழைய படம் பக்கத்தில் இருந்தால்தான் புதுசு எது என்று சொல்ல முடியும்.

மே 10 – காலை 7.00 – இன்னொருவர்

மேல சொன்னதுல ஒரு சேர்ப்பு. இந்த இழுப்பு அட்டாக் உச்சத்துல வர்றதைவிட, அடங்கி தேறி வர்ற வாரங்கள்லதான் அதிகமா ஆரம்பிக்கும். அதனால இழுப்பு மட்டும் வெச்சு ரிலாப்ஸ்னு முடிவு பண்ண வேண்டாம், ஆனா புது இடம்னா பாக்கணும்கறது சரி. இழுப்பை அடக்கற கார்பமாசெபின் 100 மி.கி. மாதிரி சின்ன டோஸ்லயே பெரும்பாலும் கேட்கும். அதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எச்எல்ஏ-பி 15:02 மரபணு டெஸ்ட் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க, ஆசியக்காரங்க சிலருக்கு தோல் உரியற அளவு அலர்ஜி வரும். முதல் ரெண்டு மாசத்துல தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தா மாத்திரையை நிறுத்திட்டு ஓடணும். சோடியமும் குறையும்.

மே 10 – காலை 7.25

சரியான சேர்ப்பு. இன்னொன்று: இழுப்புக்கு பேக்லோஃபென் சாப்பிடுகிறவர்கள் அதைச் சட்டென்று நிறுத்தக்கூடாது, ஃபிட்ஸ், மனக்குழப்பம் வரும். ஊருக்குப் போகும்போது மாத்திரையை விட்டுவிட்டுப் போய் ஆபத்தாவது நிறைய.

மே 13 – மதியம் 3.15 – கேட்டவர்

எம்ஆர்ஐல கழுத்துல புதுசா ஒண்ணு, மூணு முள்ளெலும்பு நீளத்துக்கு. கான்ட்ராஸ்ட் மருந்தைப் பிடிக்குது, அதாவது அழற்சி இப்ப ஓடுது. அட்மிட் பண்ணி ஸ்டீராய்டு ஆரம்பிச்சாச்சு, 3-ஆம் நாள். வலது கையும் கொஞ்சம் வீக். முதல்ல ஸ்டீராய்டு போட்டிருந்தா இது வந்திருக்காதோ?

மே 13 – மதியம் 3.40

அப்படி நினைக்க வேண்டாம். ஏப்ரலில் தொற்று, மே 9-இல் அட்டாக். 5 நாள் ஊசி வரவிருக்கும் அட்டாக்கைத் தடுப்பதில்லை, அந்த வேலை தினசரி மருந்தினுடையது. தொற்றே சில சமயம் நிஜ அட்டாக்கையும் கிளப்பும். இரண்டுக்கும் நடுவே கோடு அவ்வளவு சுத்தமானதல்ல என்பதை நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். விட்டது என் தவறு. தொற்று கிடைத்துவிட்டது என்றதும் விசாரணையை மூடிவிடக் கூடாது. மருந்து முடிந்தும் மரப்பு பாதிதான் குறைந்தது என்று நீங்கள் எழுதியதைக்கூட நான் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது கேட்க வேண்டியது பிளாஸ்மா மாற்றம், அதாவது ஆன்டிபாடி இருக்கும் ரத்த நீரை எடுத்துவிட்டு மாற்றுத் திரவம் ஏற்றுவது. ஸ்டீராய்டில் தெளிவான முன்னேற்றம் இல்லையென்றால் இழுத்தடிக்காமல் அதற்குப் போகிறார்கள், கனமான அட்டாக்கில் ஆரம்பத்திலேயே சேர்த்தும் செய்கிறார்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள், 5 முதல் 7 தடவை. கழுத்து ரத்தக்குழாயில் பெரிய லைன் போடுவார்கள். நடக்கும்போது உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பு வந்தால் கால்சியம் குறைகிறது என்று அர்த்தம், உடனே நர்ஸிடம் சொல்லச் சொல்லுங்கள். ரத்தத்தில் ஏதாவது ஆன்டிபாடி டெஸ்ட் பாக்கி இருந்தால் பிளாஸ்மா மாற்றத்துக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும்.

கழுத்தில் வந்திருப்பதால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்வை, பிபி வழக்கத்தைவிட 20-40 ஏறுவது. டியூப் மடிந்தோ அடைத்தோ யூரின் தேங்கினால் வரும். படுத்திருந்தால் உடனே உட்காரவைத்து, காலைத் தொங்கவிட்டு, நாடா, பெல்ட் எல்லாம் தளர்த்தி, டியூபைப் பாருங்கள். அதற்கடுத்து மலச்சிக்கல். காரணத்தை எடுத்தால் பிபி இறங்கும். இறங்காவிட்டால் அவசரம்.

மே 22 – இரவு 9.50 – கேட்டவர்

அஞ்சு தடவை பிளாஸ்மா முடிஞ்சுது. கை பிடிப்பு வந்துடுச்சு, டம்ளர் தூக்கறாங்க. மருந்தை மாத்தணும்கறாங்க, ரிடுக்ஸிமாப்.

மே 22 – இரவு 11.15

டம்ளர் தூக்குகிறார் என்பதைப் படித்ததும் மனசு நிறைந்தது.

50 கிலோவுக்கு அசாதயோபிரின் 100 என்பது கிலோவுக்கு 2 மி.கி., வழக்கமான 2 முதல் 3 என்ற அளவில் கீழ்ப்படி. போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் வந்த அட்டாக்கா என்று கேட்பது நியாயம். அது முழுசாக வேலை செய்ய 4 முதல் 6 மாதம் ஆகும், அதுவரை பிரெட்னிசோலோன் தாங்கிப் பிடிக்கும். நிறைய பேருக்கு மாத்திரை ஆரம்பித்த 2-ஆம் மாதமே ஸ்டீராய்டை நிறுத்தி அங்கே ஓட்டை விழுகிறது. அக்காவுக்கு 2 வருஷம் ஆகிறது, அதனால் மாற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ரிடுக்ஸிமாபுக்கு முன்: ஹெபடைடிஸ் பி-க்கு எச்பிஎஸ் ஆன்டிஜென் மட்டுமல்ல, கோர் ஆன்டிபாடியும். எப்போதோ வந்துபோன மஞ்சள் காமாலை ஒளிந்திருந்து இந்த மருந்தில் கிளம்பும். டிபி பரிசோதனை. நிமோனியா தடுப்பூசி போடுவதாக இருந்தால் முன்கூட்டி. உயிருள்ள கிருமித் தடுப்பூசி கூடாது. 1 கிராம், 15 நாள் கழித்து இன்னொரு 1 கிராம், பிறகு 6 மாதத்துக்கு ஒரு தடவை. அந்த 6 மாதம் எல்லோருக்கும் ஒன்றல்ல. இந்த மருந்து அழிக்கும் பி செல்களின் (சிடி19) எண்ணிக்கை 5-ஆம் மாதமே திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. தேதி தள்ளிப்போட்டு அட்டாக் வாங்கியவர்கள் நிறைய. காலண்டரில் இப்போதே குறித்துவிடுங்கள்.

மே 23 – காலை 6.40

அசாதயோபிரினில் தொடர்கிறவர்களுக்கு, நேற்று விட்டது. ஆரம்ப மாதம் வாராவாரம் ரத்த அணுக்களும் ஈரல் பரிசோதனையும், பிறகு மாதாமாதம், பிறகு 3 மாதத்துக்கு ஒன்று. ஆரம்பித்த சில வாரத்திலேயே முடி கொத்தாகக் கொட்டினால் ஷாம்பூவை மாற்றாதீர்கள், அன்றைக்கே வெள்ளணு பாருங்கள். என்யுடிடி15 என்ற மரபணு மாற்றம் நம் ஆசியக்காரர்களிடம் கூடுதல், முடி கொட்டுவதும் வெள்ளணு சரிவதும் சேர்ந்தே வரும். யூரிக் அமிலத்துக்கு அலோபியூரினாலோ ஃபெபுக்ஸோஸ்டாட்டோ எழுதினால் அசாதயோபிரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும்.

எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் கொடிக் கஷாயம் குடிப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். இந்த நோயே எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே அடிப்பதுதான். அதைக் கிளறிவிடுவதும், ஈரலைக் கெடுத்துக்கொள்வதும் இரட்டை நஷ்டம்.

ஜூன் 2 – மாலை 5.20

மாற்றுத்திறனாளி அட்டை பற்றிக் கேட்டவருக்கு. 2016 சட்டத்தின் பட்டியலில் நாள்பட்ட நரம்பு நோய்கள் என்ற தலைப்பு உண்டு, எம்எஸ்ஸும் பார்க்கின்சனும் அதில் உதாரணமாகப் பெயரோடு இருக்கின்றன. என்எம்ஓ பெயரோடு இல்லை. பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பினால் அந்தத் தலைப்பைச் சுட்டிக்காட்டுங்கள், கால் பலவீனத்தை வைத்து இயக்கக் குறைபாட்டிலும் கேட்கலாம். அட்டாக் முடிந்த கையோடு போகாதீர்கள், தேறி நிலைத்த பிறகுதான் சதவீதம் போடுவார்கள்.

ஜூன் 11 – இரவு 8.05 – கேட்டவர்

வீட்டுக்கு வந்தாச்சு. நேத்து மத்தியானம் கரண்ட் போச்சு, கை ரெண்டும் மரத்துச்சு. ஈரத்துண்டு போட்டு 40 நிமிஷத்துல வந்துடுச்சு. கோடு பாத்தோம், மாறல. யூரின் 350, தெளிவா இருக்கு. இருந்தாலும் டாக்டருக்கு மெசேஜ் போட்டோம்.

ஜூன் 11 – இரவு 8.20

போட்டது சரி. நோட்டில் 40 நிமிடம் என்பதை எழுதிவிடுங்கள். அடுத்த தடவை 3 மணி நேரம் ஆனால், ஒப்பிட இந்த எண் வேண்டும். கையில் எந்த இடம் வரை மரத்தது?